நெட்டைத் தோட்டா

இன்னும் ஒரு காகிதக் கனம்தான் பாக்கி என்று காலையிலிருந்து தனக்குத் தானே சொல்லிக்கொண்டிருந்தார் தாசையா. பாக்கி குறைந்தபாடில்லை, தோள்பட்டைதான் கழன்றுகொண்டு வந்தது. வைஸில் இறுக்கிய துப்பாக்கிக் குழலின் பின்வாயில் ரீமர் என்கிற குடைகருவியை நுழைத்து, அதன் இரண்டு பக்கக் கைப்பிடியையும் பிடித்துக்கொண்டு, அழுத்தியும் அழுத்தாமலும் சுற்ற வேண்டும். எப்போதும் ஒரே திசையில், வலப்பக்கமாக. மறந்துபோய்க்கூடப் பின்னால் சுற்றக் கூடாது, சுற்றினால் வெட்டுவாய் மழுங்கிவிடும். கொஞ்சம் சுற்று, வெளியே எடு, ஒட்டிய இரும்புச் சுருளைத் துடை, எண்ணெய் விடு, மறுபடி நுழை. ரீமர் இரும்பைத் தின்கிறதா இல்லையா என்பது காதில் விழாது, இந்த வால்பாறை மழை தகரக் கூரையில் போடுகிற கூச்சலில் எதுதான் விழும், உள்ளங்கையில்தான் தெரியும், மெல்லிய ஒரு முரமுரப்பு. அது இருக்கிறவரை வேலை நடக்கிறது. வேறு எதையும் நினைக்க வேண்டாம், கை பாட்டுக்குச் சுற்றட்டும் என்றுதான் காலையில் வந்து பட்டறையைத் திறந்தார். ஆனால் மனசு என்ன வைஸில் இறுக்கி நிறுத்துகிற சாமானா? ஒவ்வொரு சுற்றுக்கும் அது மச்சானிடம் போய் நின்றது. மச்சான் என்றால் மனைவி ரூபியின் அண்ணன் வேதமணி. வைஸில் இருப்பது அவருடைய துப்பாக்கி. ஒரு தடவைக்கு ஒரு தோட்டா மட்டும் போட்டுச் சுடுகிற பழைய ரைஃபிள், அதுவும் குட்டைத் தோட்டா. அதன் தொண்டையை நீட்டி, நெட்டைத் தோட்டா போகிற மாதிரி வெட்டித் தரச் சொல்லியிருக்கிறார். இன்று சாயங்காலம் வாங்க வருவார். நாளை விடிந்ததும் அதைத் தூக்கிக்கொண்டு யானைக்குப் பின்னால் போவார். போனால் திரும்ப மாட்டார். அவருக்குக் கண் தெரியவில்லை.

மச்சான், உங்களுக்குக் கண் தெரியல. எவ்வளவு சின்ன வாக்கியம். சோறு போடச் சொல்வதற்கு ஆகிற மூச்சுகூட ஆகாது. அதைச் சொல்ல வாய் வராமல் ஒரு மனுஷன் எஃகைக் குடைந்துகொண்டிருக்கிறான் என்றால் அவனை என்ன சொல்வது. தாசையாவுக்குத் தன்மேல் கோபம் வந்தது, கோபம் வந்த கையோடு அலுப்பும் வந்தது, கோபத்தை அலுப்பு தின்றுவிட்டது, இப்போதெல்லாம் எல்லாவற்றையும் அதுதான் தின்கிறது. எண்ணெய் விட்டார். சுற்றினார். குற்றம் தோட்டாவின் மேல் என்று முதலில் யார் சொன்னது? மச்சானேதான். ஒற்றைக்கொம்பன் என்கிற அந்த யானை தொழிலாளர் லயத்து வீடுகளை அரிசிக்காகப் பிரித்துப் போட்டதும், சுடலாம் என்று கலெக்டர் உத்தரவு வந்ததும், எஸ்டேட்டில் வாட்ச்சராக இருந்து தலை நரைத்த வேதமணியைத் தவிர வேறு யாரைக் கூப்பிடுவார்கள்? போனார், சுட்டார். காதுக்கும் கண்ணுக்கும் நடுவில் போக வேண்டிய குண்டு தாடையில் போயிற்று. யானை பிளிறிக்கொண்டு காட்டுக்குள் ஓடிற்று. அந்த வாரமே, கொழுந்தெடுக்கப் போன மாரிக்கனியை, பாவம், கூடையோடு சேர்த்து மிதித்துப் போட்டது. தோட்டா பத்தல மாப்ள, குட்டைத் தோட்டா, உள்ள போகல என்று மச்சான் இதே பட்டறையில் வந்து உட்கார்ந்து சொன்னார். சொன்னவருக்கும் அது வசதி, கேட்டவருக்கும் வசதி. எஸ்டேட் மேனேஜரும் அதையே பிடித்துக்கொண்டார். ஊருக்குப் போன வெள்ளைக்காரத் துரை அலமாரியில் விட்டுப்போன நெட்டைத் தோட்டாப் பெட்டியைத் தூக்கிக் கொடுத்தார். தோட்டா இருக்கிறது, அது போகிற துப்பாக்கி இல்லை. ஆகவே தாசையா, வெட்டு. ஆகவே தாசையா வெட்டுகிறான். குட்டையோ நெட்டையோ, தாடையில் பட்டது தாடையில்தானே பட்டது என்று ஒருத்தர்கூடவா கேட்கவில்லை?

அவர் கேட்டார், தன்னிடமே. குழலைக் கழற்றுவதற்கு முன்னால் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போய், தூரத்தில் கிடந்த அடிமரத்தில் சுண்ணாம்பு வட்டம் போட்டு, அதே குட்டைத் தோட்டாவால் சுட்டுப் பார்த்தார். வட்டத்துக்குள் போயிற்று. மறுபடி சுட்டார், மறுபடி வட்டம். குறிமுள் சாயவில்லை, குழல் வளையவில்லை. துப்பாக்கியில் ஒரு குற்றமும் இல்லை. தெரிந்தபிறகுதான் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் மச்சான் பாட்டுப் புஸ்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு எல்லாப் பாட்டையும் மனப்பாடமாகப் பாடியது. சாப்பாட்டில் கிடந்த முழு மிளகாயை வெண்டைக்காய் என்று கடித்துவிட்டு, கண்ணில் நீர் வர, ருசியா இருக்கும்மா என்று ரூபியிடம் சொன்னது. போன மாதம் இந்த வாசலில் நுழைந்ததும் ஆணியில் தொங்கிய தாசையாவின் மழைக்கோட்டைப் பார்த்துக் குனிந்து, தோத்திரம் ஐயா என்றது. அப்போது தாசையா சிரித்தார். மச்சானும் சிரித்தார், கோட்டுக்குத் தோத்திரம் சொன்னா என்ன, அதுவும் கர்த்தர் கொடுத்ததுதான என்று. எப்பேர்ப்பட்ட சிரிப்பு அது. யானைக்கும் ஒரு மழைக்கோட்டுக்கும் வித்தியாசம் தெரியாத கண்ணோடு அவர் அன்று மரத்தடியில் நின்று சுட்டிருக்கிறார். ஒரு சாம்பல் நிற மொத்தை தெரிந்திருக்கும். அதில் எது காது எது கண் என்று பழக்கத்தில் ஊகித்திருப்பார். நாளைக்கும் ஊகிப்பார்.

ரீமரை வெளியே எடுத்துத் துடைத்தபோது துணியில் சுருள் சுருளாக வந்தது இரும்பு. தகரத் தட்டில் தட்டினார். இவ்வளவு நேரம் வெட்டியது மொத்தமும் ஒரு கைப்பிடிகூட வராது. ஆனால் போனது போனதுதான், திருப்பி ஒட்ட முடியாது. மச்சானைப் போகாதே என்று சொல்ல எவனுக்கும் உரிமை இல்லாத மாதிரி இந்த மலையில் ஒரு வழக்கம் வேறு. காயம் போட்டவன்தான் பின்னால் போய் முடிக்க வேண்டும். அடுத்தவன் துப்பாக்கி அதைத் தொடாது. கீழ்ப்பிரிவு எஸ்டேட்டுக் குருவில்லா சார் ரெட்டைக்குழலோடு தயாராகத்தான் இருக்கிறார், நல்ல குறிகாரர், வயசும் குறைவு, ஆனாலும் வேதமணி இருக்கும்போது நான் எப்படி என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். காய்ச்சலில் விழுந்தால் விலக்கு, துப்பாக்கி கெட்டுப்போனால் விலக்கு. மூன்றாவதாக விலக்கு ஒன்றும் கிடையாது. கண் தெரியவில்லை என்று சொன்னால்? அப்படியானால் ஏன் சுட்டாய் என்று கேட்பார்கள். மாரிக்கனியின் புருஷன் கேட்பான். அந்தக் கேள்வி வந்துவிடக் கூடாது என்றுதானே எல்லோரும் தோட்டாவைத் திட்டிக்கொண்டிருக்கிறோம் என்று நினைத்தபோது தாசையாவுக்கு உட்கார வேண்டும்போல் இருந்தது. உட்காரவில்லை. நுழைத்தார், சுற்றினார். முரமுரப்பு வந்தது.

மத்தியானம் ரூபி குடைக்குள் தூக்குவாளியை அணைத்துக்கொண்டு வந்தாள். புடவைக் கரையெல்லாம் செம்மண். வாளியைப் பெஞ்சில் வைத்துவிட்டு வைஸைப் பார்த்தாள், தட்டில் கிடந்த சுருளைப் பார்த்தாள், கடைசியாக அவரைப் பார்த்தாள்.

“அண்ணன்ட்ட சொன்னியளா?”

“எதை?”

“எதையா? ஒண்ணும் தெரியாத மாதிரி கேக்கிய.”

“சொல்லுவேன். சாயங்காலம் வரட்டும்.”

“நேத்தும் இதையேதான் சொன்னிய. நான் சொன்னா கேக்க மாட்டாவ, பொம்பளப் பேச்சும்பாவ. நீங்க சொன்னாதான் காதுல ஏறும்.” அவள் குடையை விரித்தாள், விரித்த குடையோடு நின்றாள். “எனக்கு இருக்கது ஒரே ஒரு அண்ணன்,” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சோறு இறங்கவில்லை. வாளியை மூடினார். நான் சொன்னால் காதில் ஏறுமாம். ஏறும், அதுதானே பயம். தலைப்பிள்ளை தவறிப்போன அன்று, இதே மாதிரி மழை, குழி வெட்ட ஆள் வரவில்லை, தாசையாவுக்கு எழுந்து நிற்கவே தெம்பில்லை. மச்சான்தான் ஒரு வார்த்தை பேசாமல் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனார். தண்ணீர் ஊற ஊறக் கையால் இறைத்து வெட்டினார். வெட்டி முடித்துவிட்டு வந்து, ஆச்சு மாப்ள, நல்லா காஞ்ச இடமாத்தான் இருக்கு என்றார். காய்ந்த இடமாம், அந்த மழையில். அப்படி ஒரு பொய்யைத் தனக்காகச் சொன்ன மனுஷனிடம் போய், நீங்கள் குருடர், அந்தப் பெண் செத்தது உங்களால் என்று எந்த வாயால் சொல்வது. சொல்லாமல் விட்டால் இன்னொரு குழி வெட்ட வேண்டியிருக்கும், அதை வெட்டப் போவது யார்? நாளைக் காலை சதுப்பில் மூடுபனி இடுப்புக்கு நிற்கும். சீழ் பிடித்த தாடையின் வீச்சம்தான் முதலில் வரும். மச்சான் அந்த வீச்சத்தை வைத்தே திசையைக் கண்டுபிடித்துவிடுவார், அதில் அவர் கெட்டிக்காரர். அப்புறம் குழலைத் திறக்கிற லிவரை இறக்குவார், நெட்டைத் தோட்டாவைப் போடுவார், மூடுவார். அதற்கு மேல் தாசையாவால் நினைக்க முடியவில்லை. நினைக்காமல் இருக்கவும் முடியவில்லை. நெட்டைத் தோட்டா தோளில் உதைக்கிற உதைக்கு ஆள் ஒரு அடி பின்னால் போவார். முதல் குண்டு பிசகினால் மறு தோட்டா போட நேரம் இருக்காது. ஒரு தடவைக்கு ஒரு தோட்டா. இந்தத் துப்பாக்கியை எவன் கண்டுபிடித்தானோ, அவனுக்கு ஊகித்துச் சுடுகிற மச்சான் இருந்திருக்க மாட்டார். மறுபடி எழுந்தார். கைப்பிடியைப் பிடித்தார். நிறுத்திவிடலாமே என்று நினைத்துக்கொண்டே சுற்றினார், பழக்கம் சுற்ற வைத்தது, நினைப்புக்கும் கைக்கும் நடுவில் சொந்தபந்தமே இல்லாமல் போயிற்று.

முடிந்துவிட்டது. அதுதான் வேடிக்கை, முடியவே கூடாது என்று நினைத்த வேலை முடிந்துவிட்டது. மருந்தில்லாத வெற்றுத் தோட்டாவைப் போட்டுப் பார்த்தார். தொட்டில் பிள்ளை மாதிரி உள்ளே போய்ப் படுத்துக்கொண்டது. பின்விளிம்பு குழலின் பின்வாயோடு மட்டமாக நின்றது. நகத்தை ஓட்டினால் தட்டவில்லை. தன் வேலையைப் பார்த்து ஒரு நொடி சந்தோஷமாகக்கூட இருந்தது அவருக்கு, வெட்கங்கெட்ட சந்தோஷம். குழலை வைஸிலிருந்து எடுத்தார். மேலே பழைய தோட்டாவின் பெயர் எழுத்தும் எண்ணுமாகப் பொறித்திருந்தது. அதை அரத்தால் ராவினார். இனி குட்டைத் தோட்டாவின் பெயர் அதில் இருக்கக் கூடாது. ராவிய இடத்தில் புதுப் பெயரைச் சுத்தியலால் அடிக்க வேண்டும். பெயர் அடிக்காத துப்பாக்கி பட்டறையை விட்டு வெளியே போகாது, எவனாவது தெரியாமல் வேறெதையாவது போட்டுச் சுட்டுவைப்பான். எழுத்து அச்சுகளைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பெஞ்சில் வரிசையாக வைத்தார். சுத்தியலையும் எடுத்தார். ராவிய இரும்பு கண்ணாடி போலப் பளபளத்தது. அதில் முதல் எழுத்தை அடித்துவிட்டால் அப்புறம் எல்லாம் சரி என்று ஆகிவிடும், தாசையா கையெழுத்துப் போட்டான், இந்தத் துப்பாக்கியும் சரி, இந்த ஆளும் சரி என்று. சுத்தியலைக் கீழே வைத்தார். ஆறிப்போன தேநீரை ஊற்றிக் குடித்தார். அப்படியே ஸ்டூலில் சாய்ந்தவருக்குக் கண் செருகியது. தூக்கமும் இல்லை, விழிப்பும் இல்லை. மழை மட்டும் இருந்தது.

“தோத்திரம் மாப்ள.”

வேதமணி வாசலில் நின்றார். ரப்பர் பூட்ஸ், தலையில் சாக்குக் கொங்காணி. இந்தத் தடவை சரியான திசையைப் பார்த்துத்தான் சொன்னார். ஸ்டூல் கிரீச்சிட்டதைக் கேட்டிருப்பார்.

“தோத்திரம் மச்சான். உள்ள வாங்க. படி வழுக்கும்.”

“வழுக்காம பின்ன? எந்தக் காலத்துலயும் வழுக்குத படிதான.” கால் தடவித் தடவி ஏறிற்று. “முடிஞ்சிட்டா?”

“முடிஞ்சிட்டு.”

அந்த ஒரு வார்த்தையில் வேதமணியின் முகம் சுருங்கியது போல் இருந்தது. தாசையா அதை வெளிச்சத்தின் குற்றம் என்று எடுத்துக்கொண்டார். வேதமணி பெஞ்சின் மேல் கையை ஓட்டிக் குழலைக் கண்டுபிடித்து எடுத்தார். ஜன்னல் பக்கம் கொண்டுபோனார். வெளிச்சத்துக்குச் சாய்த்து, தலையைப் பின்னால் இழுத்து, நெற்றியைச் சுருக்கி, வேலை தெரிந்தவன் இன்னொரு வேலை தெரிந்தவனுக்குக் கொடுக்கிற மரியாதையோடு ரொம்ப நேரம் பார்த்தார்.

“எழுத்து கச்சிதமா விழுந்திருக்கு மாப்ள,” என்றார். “உம்ம கைக்கு யாரு உண்டு.”

அச்சுகள் பெஞ்சில் வரிசையாகக் கிடந்தன. ஒன்றுகூடத் தொடப்படவில்லை. தாசையா அவற்றைப் பார்த்தார், மச்சானின் முதுகைப் பார்த்தார். ஆமா என்று சொன்னால் போதும். ஆமா மச்சான், நல்லா விழுந்திருக்கு. இத்தனை நாளும் சொன்ன ஆமாக்களோடு இது ஒன்று கூடுதல், அவ்வளவுதானே, வாய்க்கு அது எத்தனை பழக்கம். நாக்கு அதற்காக மடங்கக்கூடச் செய்தது. ஆனால் அவர் களைத்துப் போயிருந்தார். பொய் சொல்வதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும்.

“மச்சான், அதுல எழுத்து இல்ல. இன்னும் அடிக்கல.”

வேதமணியின் கட்டைவிரல் குழலின் மேல் நின்றது. பிறகு மெதுவாக நகர்ந்தது. வழுவழுத்த இடத்தில் முன்னால் போயிற்று, திரும்பி வந்தது. குழலை வைப்பதற்கு முன்னால் இடது கையால் பெஞ்சின் விளிம்பைத் தேடித் தொட்டுப் பார்த்தார். இந்தத் தடவை அதை மறைக்கவில்லை.

“எங் கண்ணு போனது எனக்குத் தெரியாதுன்னா நெனச்சீரு?” என்றார். குரலில் கோபம் இல்லை. “நீரு வெட்ட மாட்டேன்னு சொல்லுவீருன்னுதான் இதத் தூக்கிட்டு வந்தேன். பழைய குழலு, நெட்டைத் தோட்டாவத் தாங்காது, ஆகாது மச்சான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தீருன்னா என் பாடு தீந்திருக்கும். துப்பாக்கி ஆகலன்னா விலக்குத்தான? ஒவ்வொரு நாளும் இந்தப் படி ஏறும்போது இன்னைக்குச் சொல்லுவீரு, இன்னைக்குச் சொல்லுவீருன்னு வருவேன். நீரு அளவெடுத்துக்கிட்டே இருந்தீரு.”

தாசையாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து நடுவில் நின்றுகொண்டது.

“நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா மச்சான்.”

“நீரும் சொல்லியிருக்கலாம்லா.”

தான் எதைத் தடுப்பதற்காக வாயைத் திறக்க முடியாமல் தவித்தாரோ, அதைத் தடுத்துவிடு என்று இந்த மனுஷர் துப்பாக்கியையே கழற்றிக் கையில் கொடுத்திருக்கிறார். அதை வேலை என்று எடுத்துக்கொண்டு, தோள் கழலக் கழல, காகிதக் கனம் பிசகாமல் முடித்து வைத்திருக்கிறான் தாசையா. இவ்வளவு நல்ல வேலையை அவர் வாழ்நாளில் செய்ததில்லை. எழுந்தார். குழலை எடுத்துத் திரும்ப வைஸில் இறுக்கினார், ரீமரை நுழைத்தார்.

“என்ன செய்யுதீரு?”

“துப்பாக்கி கெட்டா விலக்குன்னு நீங்கதான சொன்னிய.”

வேதமணிக்குப் புரிய ஒரு மூச்சு ஆயிற்று. “வேண்டாம் மாப்ள. தாசையா அளவு தெரியாம வெட்டித் தொலைச்சிட்டான்னு மலை பூரா பேசுவானுவ. பட்டறைக்கு ஒருத்தன் வர மாட்டான்.”

“பேசட்டும். காலையில குருவில்லா சார் போவட்டும். அந்தச் சீவனும் எத்தன நாளைக்குத்தான் அந்தத் தாடையோட அலையும்.”

“அப்ப ஒண்ணு,” என்றார் வேதமணி. “மாரிக்கனி புருஷன்ட்ட மட்டும் நான் நெசத்தச் சொல்லீருவேன். மத்தவனுக்கு நீரு சொல்லுததச் சொல்லும். அவன்ட்ட என்னால பொய் சொல்ல முடியாது.”

“நானும் கூட வாறேன். இப்ப வந்து குழலைப் பிடிங்க. வைஸ் ஆடுது.”

வைஸ் ஆடவில்லை. வேதமணி வந்து இரண்டு கையாலும் குழலைப் பிடித்துக்கொண்டார். தாசையா சுற்றினார், அதே திசையில், வலப்பக்கமாக. அளவு வந்தது. அளவைத் தாண்டியது. முரமுரப்பு உள்ளங்கையில் ஏறியது, குழலைப் பிடித்திருந்தவரின் கையிலும் அது ஏறியிருக்கும். போதும் போதும் என்று ஆனபிறகும் இன்னும் கொஞ்சம் சுற்றினார். ரீமரை எடுத்தார், துடைத்தார், பழக்கம் விடவில்லை, தட்டில் தட்டி ஓரமாக வைத்தார். வெற்றுத் தோட்டாவைப் போட்டார். அது விளிம்போடு சேர்ந்து உள்ளே இறங்கிப் பள்ளத்தில் கிடந்தது. தோட்டாவைத் தட்டி வெடிக்க வைக்கிற ஊசி இனி அதை எட்டித் தொடாது.

“விரலை வச்சுப் பாருங்க.”

வேதமணி ஆள்காட்டி விரலைக் குழலின் பின்வாயில் வைத்துத் தடவினார். அதற்குக் கண் வேண்டியிருக்கவில்லை.

“போயிட்டு மாப்ள,” என்றார். அப்புறம்தான் அழுதார்.